உருவத்துக்கு வெளியே ஒரு கோடு

அன்புள்ள மாமாவுக்கு,

வட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பின்வருமாறு. கதவுக்கு எதிரே, எங்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் மேடம். அவருக்கு வலப்புறம், சுவரில் சாய்ந்துகொள்ள வாகான இடத்தில், லாரிக்காரர். அவரை அடுத்து, நாற்காலியில் இரண்டு மெத்தை போட்டுத் தையல்காரம்மா. பிறகு நான். எனக்கு அடுத்தது நர்ஸம்மா; அவர் உட்கார்ந்ததைவிட நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். நர்ஸம்மாவுக்கும் கவுன்சிலர் மேடத்துக்கும் நடுவே ஒரு நாற்காலி காலி. ஐந்தாவதாகப் பெயர் கொடுத்த ஆள் வரவே இல்லை. உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோ வட்டத்தில் சேர மாட்டார். அந்தப் பெண் ஜன்னல் கட்டையில் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டிருப்பார்.

"என் பெண்டாட்டி எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள், இவன் நாற்காலி எண்ணுகிறான்" என்று நீங்கள் கத்துவது இங்கே கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். எனக்கு வரிசைப்படிதான் சொல்ல வரும். இன்று புதன்கிழமை, காலை ஏழு நாற்பது. உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. ஒன்பது பத்துக்குள் முக்கியமானதை எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு என் கை எப்படி இருக்கும் என்று தெரியாது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் போனில் பேசினால் அக்கா காதில் விழாத மூலை கிடையாது. நீங்களும் அதனால்தான் கடிதம் போட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். போன புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். இடது பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக ஒரு பட்டை, முழங்காலுக்குக் கீழே கெண்டைச் சதை, வெளிப்பக்கக் கணுக்கால். படம் பிடித்துப் பார்த்ததில் முதுகில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். கடைசியாக எழுதியிருந்தீர்களே, எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு முறை அடித்துத் திருத்தி: கணுக்காலைத் தாண்டி, காலுக்கு வெளியே, ஒரு சாண் தள்ளித் தரையிலும் தனக்கு வலிக்கிறது என்கிறாள், அந்த இடத்தை யாராவது மிதித்தால் அலறுகிறாள், நீங்கள் துணிக்கூடையை அதன்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள்.

கூடை அங்கேயே இருக்கட்டும். அவளுக்குப் புத்தி பிசகவில்லை, மாமா. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வரைந்தவன் நான்.

இந்த வலி சிகிச்சை மையத்தில் ஒரு டாக்டர், ஒரு சீட்டு, ஒரு மாத்திரை என்ற பேச்சு இல்லை. காலையில் வட்டம். பிறகு பிசியோவிடம் ஒன்றரை மணி நேரம். சாப்பாட்டுக்குப் பின் வேலைப் பயிற்சி. லாரிக்காரருக்கு நிஜ லாரியின் இருக்கையைக் கழற்றி வந்து தரையில் பதித்திருக்கிறார்கள். நர்ஸம்மா ஆள் கனத்துக்கு மணல் அடைத்த ஒரு பொம்மையைக் கட்டிலில் புரட்டிப் போடுவார். தையல்காரம்மாவுக்கு மெஷின். எனக்கு ஒரு மேசையும், குனிந்து எடுக்க வேண்டிய கீழ்த்தட்டில் கோப்புகளும். வலித்தால் நிறுத்துவது என்பது கிடையாது. மணி அடித்தால் நிறுத்துவது. நேற்றுப் பன்னிரண்டு நிமிடம் என்றால் இன்று பதின்மூன்று.

"வலிக்கிட்ட அனுமதி கேக்காதீங்க. கடிகாரத்துக்கிட்ட கேளுங்க" என்பார் பிசியோ.

"எங்க முதலாளியும் இதைத்தாம்மா சொல்வாரு. அவரு பேச்சைக் கேட்டுத்தான் இங்க வந்து கெடக்கேன்" என்பார் லாரிக்காரர்.

புதன்கிழமை பிற்பகல் பெரிய டாக்டர் வருவார். அவர், பிசியோ, கவுன்சிலர் மேடம், வேலைப் பயிற்சிக்காரர் என நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எங்கள் காகிதங்களைப் பரப்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் காகிதம்தான் விஷயம். ஒவ்வொரு நாளும் ஆளுக்கு ஒன்று. அதில் மனித உருவம் இரண்டு, முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று, முகம் கிடையாது. எங்கே வலிக்கிறதோ அங்கே பென்சிலால் நிழல் போட வேண்டும். கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள், ஒன்றைச் சுழிக்க வேண்டும். அதற்கும் கீழே பெயர். கடைசியில் 'தகவல் தெரிவிக்க வேண்டிய உறவினர், முகவரி' என்று ஒரு கட்டம். காலையில் வட்டம் தொடங்குமுன் நிரப்பிக் கோப்பில் செருக வேண்டும். வட்டம் ஒன்பது பத்துக்கு.

முதல் வாரமே இந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. தையல்காரம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி எப்போதும் வேறு பையில். லாரிக்காரர் ஒரு சுழி போட ஐந்து நிமிடம் எடுப்பார். நர்ஸம்மாவோ, "வாழ்க்கை பூரா அடுத்தவங்க சார்ட்டு எழுதியாச்சு, என்னுதை நீங்க எழுதுங்க சார்" என்று தள்ளிவிட்டார். நானும் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

"நம்ம சாருக்குக் காலிக் கட்டத்தைப் பாத்தா கை அரிக்கும்" என்றார் லாரிக்காரர். நீங்கள் எனக்கு வைத்த 'கட்டம்' என்ற பெயரை நான் அவரிடம் சொல்லவில்லை. தானாகவே கண்டுபிடித்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பியவன் நான். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: தெரிந்த ஆள் என்றால், கூட்டம் சேருமுன் பாரத்தை நாங்களே நிரப்பி வைத்துவிடுவோம், வந்ததும் கையெழுத்து மட்டும். அந்தப் பழக்கத்தில், இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, சீக்கிரம் வந்துவிட்டேன் என்பதால், யாரையும் கேட்காமல் எல்லாருடையதையும் எழுதினேன். லாரிக்காரருக்கு ஏழு, தையல்காரம்மாவுக்கு எட்டு, நர்ஸம்மாவுக்கு ஆறு, எனக்கு ஏழு. முந்தின நாளைப் பார்த்தே எழுதினேன். ஒரு தப்பு செய்தேன். முன்புற உருவத்தில் வலது கால் நம் இடது கைப் பக்கம் வரும் அல்லவா? பின்புற உருவத்திலும் அதே நினைப்பில் லாரிக்காரரின் வலது இடுப்பை இடது இடுப்பாக நிழல் போட்டுவிட்டேன்.

ஒன்பது பத்துக்கு அவர் நாற்காலியில் அப்படியே நிமிர்ந்தார். வலது பக்கத்தைத் தடவினார். பிறகு இடது பக்கத்தை.

"இதென்னடா கூத்து. ஆறு வருசமா வலது பக்கம் குடியிருந்தது, வீடு மாத்திக்கிச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். கவுன்சிலர் மேடம், வலி இடம் மாறுவது உண்டு, வலி என்பது மூளை வரையும் படம் என்று விளக்கினார். நான் மெதுவாகக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மூடினேன்.

மறுநாள் சோதித்தேன். நீங்களாக இருந்தாலும் சோதித்திருப்பீர்கள். நர்ஸம்மா அன்று தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்ததால் அவர் காகிதத்தை எழுதாமல் விட்டேன். தையல்காரம்மாவின் எட்டை ஐந்தாக்கினேன். ஒன்பது பத்துக்குத் தையல்காரம்மா பேசிக்கொண்டே இரண்டு மெத்தைகளையும் உருவித் தரையில் போட்டார். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பத்து மணிக்கு நர்ஸம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"பஸ்ல வரும்போது திடீர்னு. சரியா ஒம்பது பத்து இருக்கும், மணி பாத்தேன். நேத்து ஆறுன்னா இன்னிக்கு ஒம்பது, சார். எழுதிக்குங்க."

எட்டில் மூன்றைக் கழித்தேன். ஆறோடு மூன்று கூடியிருந்தது. நாலு பேர், இருபத்தெட்டு. நான் எங்கே குறைத்தாலும், எழுதாமல் விட்ட ஆளிடம் போய் அது விழுகிறது.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வருடமாக என் செருப்பு வாரை அக்காதான் குனிந்து மாட்டிவிடுகிறாள். "ஒரு நாள் நானே மாட்டிக்கிட்டு உன் முன்னால நடப்பேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் நினைத்தேன். கூடவே தையல்காரம்மாவின் முகமும். இங்கே வருமுன் எட்டு மாதம் மெஷின் பக்கமே போகாதவர், அன்று மணி அடித்தபிறகும் எழுந்திருக்காமல், "இன்னும் ஒரு ஓரம் மட்டும் அடிச்சிடறேன் தம்பி" என்று கெஞ்சினார்.

மிச்சத்தை யார்மேலும் விழாமல் வைக்க ஓர் இடம் வேண்டும். வராத ஐந்தாவது ஆளுக்கும் கோப்பு போட்டிருந்தார்கள். காகிதங்கள் வெறுமையாகக் கிடந்தன. வராத ஆளுக்கு உடம்பு ஏது, யாருக்கு வலிக்கப்போகிறது என்று நினைத்தேன். போன புதன் காலை எட்டரைக்கு அதில் ஒன்றை எடுத்துப் பத்தைச் சுழித்தேன். மற்றவர்களுக்கு நாலு, நாலு, ஐந்து, எனக்கு ஐந்து. மொத்தம் இருபத்தெட்டு, சரியாக இருந்தது. அந்தப் பின்புற உருவத்தில் இடது பிட்டம், தொடைப் பட்டை, கெண்டைச் சதை, கணுக்கால் என்று அழுத்தி நிழல் போட்டேன். கணுக்காலில் பென்சில் வழுக்கி, கோடு உருவத்தைத் தாண்டி வெள்ளைத் தாளில் ஓடிவிட்டது. ரப்பர் எடுத்தேன். அழித்தால் அந்தக் கொஞ்சம் எங்கே போய் விழுமோ என்று பயந்து ரப்பரை வைத்துவிட்டேன்.

பெயர்க் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டேன். அடுத்த கட்டத்தில் என்ன செய்தேன் என்று நேற்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்கு நினைவே இல்லை. ஓடிப்போய்க் கோப்பைத் திறந்தேன். 'தகவல் தெரிவிக்க வேண்டிய உறவினர்' என்ற இடத்தில், என் கையெழுத்தில், அழகாக, பிசிறில்லாமல், அக்காவின் பெயர். உங்கள் வீட்டு முகவரி. அதுவரை நாள் தவறாமல் என் காகிதத்தில் எழுதியதைக் கை தானாக அங்கேயும் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைப் பார்த்து நகல் எடுத்தேன். கோட்டோடு சேர்த்து. முதலாவதோடு சேர்த்து ஏழு நாள் ஏழு காகிதம், மாமா. உங்கள் வீட்டில் எட்டாவது நாள் நடக்கக் கூடாது.

கிழித்துப் போட்டுவிடு என்பீர்கள். நர்ஸம்மாவுக்கு விழுந்ததைப் பார்த்தேனே. எழுதாமல் விட்டால் யாரிடம் போகும் என்று சொல்ல முடியாது. பழையபடி அவரவருக்கே பிரித்துக் கொடு என்றால், தையல்காரம்மாவைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். லாரிக்காரர் நேற்றுத் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படத்தைப் போனில் காட்டினார். அவர்கள் கேட்டு நான் குறைக்கவில்லை. கேட்காமல் ஏற்றவும் எனக்கு அதிகாரம் இல்லை.

எட்டு ஐம்பத்தைந்து. காகிதத்தை எழுதிவிட்டேன். அதே நிழல், அதே கோடு, அதே பத்து. பெயர்க் கட்டத்தில் என் பெயர். உறவினர் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதன்மேல் 'இல்லை' என்று எழுதினேன். அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். என் சொந்தக் காகிதம் ஐந்தோடு தனியாக இருக்கிறது. ஆக, என் பெயரில் இரண்டு.

அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். நான் வேலைப் பயிற்சி மேசையில் நின்றபடி எழுதுகிறேன். லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்கு சார், சம்சாரத்துக்கா? ஓ, அது இல்லையே உங்களுக்கு" என்கிறார். நேரம் ஒன்பது எட்டு. ஒன்பது ஒன்ப

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்ப்பீர்கள். நான்தான் எழுதுகிறேன். மணி இப்போது ஒன்பதே முக்கால்.

வந்தது. எப்படி என்று எழுதி உங்களை வருத்த மாட்டேன். அக்கா ஏழு நாள் இதோடு படுத்திருந்தாள் என்பது மட்டும் இனி எனக்கு எப்போதும் தெரிந்திருக்கும்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் எடுத்து வந்த தையல்காரம்மா என் இடப்பக்கமாகக் கடந்தார். என் காலை அவர் தொடவில்லை. ஒரு சாண் தள்ளித்தான் மிதித்தார். நான் போட்ட சத்தத்தில் டம்ளரை விட்டுவிட்டார்.

"ஐயோ தம்பி, மிதிச்சிட்டேனா? நான் மிதிக்கலையே!"

"மிதிக்கலைம்மா. மிதிச்சீங்க."

லாரிக்காரர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், வெறுந்தரை சார் அது."

வேறு வழியில்லாமல் சொன்னேன். உங்களுக்கு எழுதிய அதே வரிசையில், திங்கள், செவ்வாய், புதன் என்று. யாரும் சிரிக்கவில்லை. பிசியோ ஜன்னல் கட்டையிலிருந்து இறங்கி வந்து, என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். பின்னால் செருப்பில்லாமல் நடந்தார். அவர் கால் எப்போது அந்த இடத்தில் படுகிறது என்று நான் சொல்ல வேண்டும். நான்கு முறை சொன்னேன். நான்காவது முறை அவர் கட்டைவிரலை மட்டும்தான் வைத்திருந்தாராம். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் எப்போதும் இருக்கும் கேலி இல்லை. வராத ஆளின் நாற்காலியைத் தூக்கி வந்து, நாலு கால்களும் சுற்றி நிற்குமாறு அந்த இடத்தின்மேல் வைத்தார்.

கவுன்சிலர் மேடம் மெல்லச் சொன்னார்: "வலிங்கறது மூளை வரையற படம்னு அன்னிக்கே சொன்னேன்ல..."

"சொன்னீங்க மேடம்" என்றார் லாரிக்காரர். "யாரு மூளைன்னு சொல்லலை."

பிறகு அவர் என் அருகில் வந்து, வலப்பக்கமாகத்தான், நின்றார். "அப்ப என்னோட மூணையும் நீங்கதான் தூக்கிட்டு நிக்கறீங்க."

"ஆமா."

"எவன் கேட்டான் சார் உங்களை? லோடு ஏத்தறதுக்கு முன்னாடி வண்டிக்காரனைக் கேக்க வேண்டாமா?" அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கத்தான் கத்தினார். "நாளைக்குக் காலையில என் காகிதத்தை நானே எழுதறேன். அஞ்சு நிமிசம் ஆகட்டும், பத்து நிமிசம் ஆகட்டும். பென்சிலைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்."

நர்ஸம்மா, "என்னுதையும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தையல்காரம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நாற்காலியைச் சுற்றி மிகவும் தள்ளிப் போய், மெஷினில் உட்கார்ந்துகொண்டார். அதன் சத்தம் இப்போதும் கேட்கிறது. நான் அவரைக் குறை சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

பெரிய டாக்டர் பிற்பகல் வருவார். கோப்பை அப்படியே அவர் மேசையில் வைக்கப் பிசியோ சொல்லிவிட்டார். அவர் நம்புவாரோ, எனக்கு வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்வாரோ, தெரியாது. வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வருவேனா என்பதையும் இப்போது சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று சொல்ல முடியும். அது அங்கே இல்லை என்பதற்கு என்னிடம் உள்ள அத்தாட்சி, இங்கே இருப்பதுதான். நேற்று உங்கள் வீட்டுத் தரையில் இருந்த இடம் இன்று என் கால் பக்கத்தில் இருக்கிறது. ஒரே இடம் இரண்டு வீட்டில் இருக்காது. கூடையை எடுத்துவிடலாம், மாமா. முதலில் நீங்கள் மிதித்துப் பாருங்கள், பிறகு அக்காவை நடக்கச் சொல்லுங்கள். இன்று ஒன்பது பத்துக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று மட்டும் எழுதுங்கள். எழுந்திருந்தால் நேரத்தைக் குறிப்பிடவும். எழுந்திருக்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதவும். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதீர்கள். நான் செய்தது தெரிந்தால் மன்னித்துவிடுவாள், அதுதான் பயம்.

தபால் பெட்டி வெளிவாசலை ஒட்டி இருக்கிறது. இங்கிருந்து நூற்றெண்பது அடி. முதல் நாளே எண்ணி வைத்தேன். பத்தரைக்குத் தபால் எடுக்க வருவார்கள். லாரிக்காரர், "குடுங்க, நான் ஓடிப் போய்ப் போட்டுட்டு வரேன்" என்று கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பிசியோ கூடாது என்கிறார். இருபது அடி நடை, அரை நிமிடம் நிற்றல், மறுபடி இருபது அடி. வலி சொல்வதைக் கேட்டு அல்ல, அவர் கையிலுள்ள கடிகாரத்தைக் கேட்டு. நர்ஸம்மா என் இடப்பக்கம் ஒரு சாண் விட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், எதிரே வருகிறவர்களை விலக்கிவிட.

நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். காலை நகர்த்திப் பார்த்தேன். அதுவும் கூடவே நகர்கிறது.

பத்து மணி ஐந்து நிமிடம். உறையில் முகவரி எழுதிவிட்டேன். ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்